ஃபின் எங்கே உடைய வேண்டும்?

வீட்டில் அலைச்சறுக்குப் பலகை செய்கிறவர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். விளிம்பு தடித்துப்போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். வால் அகலமாகிவிட்டால் அறுத்துக் குறுக்கலாம். நிறம் பிடிக்காவிட்டால் மேலே இன்னொரு பூச்சு அடிக்கலாம். ஃபின்னை, அதாவது வாலடியில் நீருக்குள் நிற்கும் துடுப்புத் தகட்டை, எதில் மாட்டுவது என்ற முடிவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஃபோமைக் குடைந்து பெட்டியை இறக்கி, கண்ணாடியிழைத் துணியை விரித்து ரெசின் ஊற்றிவிட்டால், அந்தப் பலகை இருக்கும்வரை அந்தப் பெட்டிதான். பெயர் என்னவோ கழற்றி மாட்டும் ஃபின். அதைத் தாங்கும் பெட்டியைக் கழற்ற வழியே இல்லை.

ஆகவே எந்த நிறுவனத்தின் பெட்டி நல்லது, எது மலிவு என்று விசாரிக்கும் முன் வேறு ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அலையில் ஓடும்போது அந்தச் சின்னத் தகட்டின் மேல் எவ்வளவு விசை விழுகிறது? விழுந்த விசை எங்கே போய்ச் சேருகிறது?

பலகைக்கு அடியில் மீன்துடுப்பு போல ஒன்று வேண்டும் என்பதே கொஞ்சம் தாமதமாகத் தோன்றிய யோசனை. 1935இல் ஹவாயின் வைகிகி கடற்கரையில் டாம் பிளேக், கைவிடப்பட்ட வேகப்படகு ஒன்றின் அடித்தகட்டை எடுத்துத் தன் பலகையின் வாலடியில் பொருத்தினார். அதுவரை பலகைகளின் அடிப்புறம் வழவழவென்றுதான் இருந்தது. அலையின் சரிவில் குறுக்காக ஓடும்போது வால் கீழ்நோக்கி வழுக்கும். ஓட்டுபவர் ஒரு காலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே திசை பிடிப்பார். பிளேக்கின் தகடு அந்த வழுக்கலை நிறுத்தியது.

ஃபின்னைச் சுக்கான் என்று நினைப்பவர்கள் உண்டு. சுக்கானைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். ஃபின் பலகையோடு அசையாமல் ஒட்டி நிற்கிறது. விமான இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி நீருக்குள் இறக்கினால் எப்படி வேலை செய்யுமோ, அப்படித்தான் அது வேலை செய்கிறது. பலகை துளி பக்கவாட்டில் நழுவியதும் நீரோட்டம் ஃபின்மீது சாய்வாக வந்து சேரும். உடனே ஒரு பக்கத்தில் அழுத்தம் கூடும், மறுபக்கத்தில் குறையும். இந்த வேறுபாடுதான் நழுவலை எதிர்த்துத் தள்ளும் பக்கவிசை. நழுவல் இல்லாவிட்டால் விசையும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த விசை நீரின் அடர்த்தியோடும், ஃபின்னின் பரப்போடும், வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகும். மூன்று ஃபின் பலகையில் ஓரமாக நிற்கும், நடுத்தர அளவுள்ள பக்க ஃபின் ஒன்றின் பரப்பு சுமார் 15 சதுர அங்குலம், அதாவது 97 சதுர செ.மீ. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,025 கிலோ. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில், மணிக்கு 29 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் பலகையைக் கடுமையாகத் திருப்புகிறார். ஃபின்னின் வடிவத்தையும் சாய்வையும் பொறுத்த உயர்த்துகெழுவை 1 என்று எடுத்துக்கொண்டால் விசை ஏறத்தாழ 320 நியூட்டன் வருகிறது. முப்பத்திரண்டு கிலோ எடையை உள்ளங்கையளவு தகட்டில் பக்கவாட்டில் தொங்கவிட்டது மாதிரி. வேகம் பாதியானால் இதே விசை எட்டுக் கிலோவாகக் குறைந்துவிடும். கற்றுக்கொள்கிறவரின் பலகையில் எந்தப் பெட்டியும் தாக்குப்பிடிப்பதற்கும், தேர்ந்தவர் காலடியில் அதே பெட்டி பெயர்ந்துவருவதற்கும் காரணம் இந்த வர்க்கக் கணக்குதான்.

முப்பத்திரண்டு கிலோ பெரிதில்லை என்று தோன்றலாம். சங்கடம் நெம்புகோலில் இருக்கிறது. விசை ஃபின்னின் வேரில் விழுவதில்லை. வேரிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி, தகட்டின் நடுவாக்கில் விழுகிறது. அந்த நெம்புதலைத் தாங்க வேண்டிய பெட்டியின் ஆழமோ 2 செ.மீ. அளவுதான். பெட்டியின் மேல்பாதி ஒரு திசையிலும் கீழ்ப்பாதி எதிர்த்திசையிலும் தள்ளித்தான் ஃபின்னை நேராகப் பிடித்து வைக்க முடியும். இவ்விரண்டு தள்ளல்களுக்கும் இடையில் கிடைக்கும் தூரம் ஒன்றேகால் செ.மீ. சொச்சம். 5 செ.மீ. கையில் விழுந்த 32 கிலோ, இந்தக் குட்டைக் கையில் 120 கிலோவாக வந்து நிற்கிறது.

பெட்டியின் நீளம் 11 செ.மீ. என்றால் அதன் பாதிப் பக்கச்சுவரின் பரப்பு 11 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 11 கிலோ அழுத்தம். பெட்டியைச் சுற்றியிருக்கும் ஃபோம் இதைத் தாங்குமா? கன அடிக்கு 2 பவுண்டு அடர்த்தியுள்ள தெர்மோகோல், பலகை செய்யப் பரவலாகப் பயன்படும் வகை, சதுர செ.மீ.க்கு இரண்டு கிலோவுக்குள்ளாகவே நசுங்கத் தொடங்கிவிடும். தேவை அதைப்போல ஆறு மடங்கு.

இந்த ஒரு கணக்கிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. பெட்டி இடம் மாறாமல் உட்கார ஃபோம் உதவும், அவ்வளவே. சுமையைச் சுமப்பது பலகையின் தோல், அதாவது ரெசினில் ஊறி இறுகிய கண்ணாடியிழைத் துணி. எந்த ஃபின் அமைப்பையும் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது இதுதான்: இது தோலை எங்கே, எவ்வளவு நீளத்துக்குப் பிடித்துக்கொள்கிறது?

பழைய முறைக்கு இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தது. முடிந்த பலகையின் அடியில் ஃபின்னை நிறுத்தி, அதன் வேரோடு ரெசினில் நனைத்த இழைக்கயிற்றை ஓட்டி, மேலே துணி போர்த்தி ஒன்றாக்கிவிடுவார்கள். இதுதான் ஒட்டு ஃபின். ஃபின்னும் தோலும் ஒரே பொருளாகிவிடும். பெட்டி இல்லை, திருகு இல்லை, இடுக்கு இல்லை; நீர் ஓட்டமும் தடையின்றி இருக்கும். இன்றும் அதற்கு ஈடான பிணைப்பு வேறில்லை என்பேன். ஆனால் அப்படிப்பட்ட பலகையை விமானத்தில் ஏற்றிப் பாருங்கள். வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று தகடுகளில் ஒன்றாவது பயணப் பெட்டிகளுக்கு அடியில் சிக்கும். பாறையில் மோதினால் ஃபின் மட்டும் போகாது, அதைப் பிடித்திருந்த தோலும் கிழிந்து வரும். பிடிப்பு பலமாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை இது.

1960களின் நடுவில் கலிஃபோர்னியாவில் டாம் மோரே, கார்ல் போப்போடு சேர்ந்து கழற்றி மாட்டும் ஃபின் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மோரே டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பின்னால் 1971இல் வயிற்றில் படுத்து ஓட்டும் ‘பூகி’ பலகையைச் செய்து உலகப் புகழ் பெற்றவரும் அவரே. அதன் பிறகு பில் பானே உருவாக்கிய நீளப்பெட்டி வந்தது. அதன் மூலவடிவம் இன்றும் ஒற்றை ஃபின் பலகைகளில் அநேகமாக மாறாமல் இருக்கிறது. பத்தரை அங்குல நீளத்தில் ஒரு பள்ளம். ஃபின்னின் வேரில் பின்பக்கம் ஒரு குறுக்காணி, முன்பக்கம் ஒரு திருகு, அந்தத் திருகைப் பிடிக்க பள்ளத்துக்குள் நகரும் சிறு உலோகத் தகடு. இந்தப் பெட்டியின் மேன்மை ஃபின்னை முன்னும் பின்னும் நகர்த்த விடுவதுதான். முன்னால் தள்ளினால் பலகை இலகுவாகத் திரும்பும். பின்னால் இழுத்தால் நேராக ஓடவே விரும்பும். விலையுயர்ந்த கார்பன் ஃபின் வாங்கி எதிர்பார்த்த மாற்றம், இருந்த ஃபின்னையே அரை அங்குலம் நகர்த்தியதில் கிடைத்துவிடுவது உண்டு. விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

பிறகு ஆஸ்திரேலியாவில் எல்லாம் மாறியது. சிட்னிக்கு வடக்கே நாரபீனில் சைமன் ஆண்டர்சன் 1980 அக்டோபரில், நண்பர் ஃபிராங்க் வில்லியம்ஸின் இரட்டை ஃபின் பலகையில் இரண்டுக்கும் பின்னால் சின்னதாக ஒரு மூன்றாவது ஃபின் இருப்பதைப் பார்த்தார். அந்த மூன்றாவதையும் மற்ற இரண்டின் அளவுக்கு வளர்த்தால் என்ன என்று யோசித்தார். அடுத்த ஆண்டு, ராட்சச அலைகள் வந்த பெல்ஸ் பீச் போட்டியில் தன் மூன்று ஃபின் பலகையில் வென்றார். ஆண்டு முடிவதற்குள் ஹவாயின் பைப்லைன் மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்றார். அவர் காப்புரிமை வாங்கவில்லை. சில ஆண்டுகளில் உலகத்துக் குட்டைப் பலகைகளில் பெரும்பாலானவை மூன்று ஃபின்னுக்கு மாறிவிட்டன.

வீட்டில் பலகை செய்கிறவருக்கு இது தலைவலியை மும்மடங்காக்கியது. ஒற்றை ஃபின் நடுக்கோட்டில் செங்குத்தாக நிற்கும், அவ்வளவுதான். பக்க ஃபின்களுக்கு இரண்டு சாய்வுகள் உண்டு. வெளிப்புறமாகச் சில பாகை சரிந்து நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, முன்முனை பின்முனையைவிட கால் அங்குலம் போல் நடுக்கோட்டை நோக்கி ஒதுங்கியிருக்க வேண்டும். ஒற்றை ஃபின் விசை தரப் பலகை முதலில் நழுவியாக வேண்டும் என்று பார்த்தோமே, அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் இந்த ஒதுக்கம். நீரோட்டத்துக்குச் சாய்வான கோணம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிடுகிறது. நேராக ஓடும்போது இடமும் வலமும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி, கொஞ்சம் வேகத்தைத் தின்னும். பலகையைச் சாய்த்த கணத்தில் ஒரு பக்க ஃபின் ஏற்கெனவே விசையோடு தயாராக இருக்கும்.

நாலரை அங்குல வேரில் கால் அங்குல ஒதுக்கம் என்றால் கோணம் ஏறத்தாழ மூன்று பாகை. ஒரு முனை 2 மில்லிமீட்டர் பிசகினால் ஒரு பாகை போய்விடும், அதாவது தர நினைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் பிசகினால் பலகை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும். ஓட்டுபவர் தன் காலைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார். எந்தப் பெட்டி வலுவானது என்று விவாதிக்கும் அளவுக்கு, எந்தப் பெட்டியை நம் கையால் நேராக இறக்க முடியும் என்று யாரும் விவாதிப்பதில்லை. என் கணிப்பில் இரண்டாவதுதான் முதலில் வர வேண்டிய கேள்வி.

1990களில் ஆஸ்திரேலியாவிலிருந்து எஃப்.சி.எஸ். வந்தது. ஒரு ஃபின்னுக்கு இரண்டு சிறு பிளக்குகள். ஃபின்னின் வேரில் இரண்டு நாக்குகள். ஒவ்வொரு நாக்கும் ஒரு பிளக்குக்குள் இறங்க, பக்கத்திலிருந்து ஒரு குட்டித் திருகை ஆலன் கீயால் முடுக்கினால் வேலை முடிந்தது. இதன் வட்டப் பிளக்குக்கு, பள்ளம் குடையும் இயந்திரமான ரூட்டர் தேவையில்லை. பலகைக்குத் தோல் போர்த்தி முடித்த பிறகுகூட, டிரில் மெஷினில் வட்ட ரம்பத்தை மாட்டித் துளையிட்டு, இழைத்துகள் கலந்த ரெசினை ஊற்றி இறக்கிவிடலாம். கருவி குறைவாக இருப்பவருக்குப் பெரிய வரம். ஆனால் நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: தோலை எங்கே பிடிக்கிறது? துளையின் வட்ட விளிம்பில் மட்டும். நாக்குகளும் குட்டையானவை. எனவே இதைத் தேர்ந்தெடுப்பவர் தோல் போர்த்தும்போதே பிளக்குகள் வரப்போகும் இடத்தில் கூடுதலாக ஒரு துணித்துண்டு வைத்துவிட வேண்டும். துளையை மறுபக்கத் தோல் தட்டும்வரை ஆழமாக்கி, மேல்தோலையும் அடித்தோலையும் ரெசின் தூணால் இணைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எடை கூடும், நெம்புதலுக்கு எதிரான கையும் நீளும்.

அதே காலகட்டத்தில் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச்சில் ஃபியூச்சர்ஸ் வேறு வழியில் போனது. ஃபின்னின் முழு வேரும் ஒரே நாக்காக ஒரே நீளப் பெட்டிக்குள் இறங்கும். திருகு ஒன்றே ஒன்று, முன்பக்கத்தில். பெட்டியின் வாயைச் சுற்றி மெல்லிய உதடு உண்டு. ஃபோம் இன்னும் வெறுமையாக இருக்கும்போதே அச்சும் ரூட்டரும் வைத்துக் குடைந்து பெட்டியை இறக்கிவிட வேண்டும். பிறகு விரிக்கும் கண்ணாடியிழைத் துணி அந்த உதட்டின் மேல் படர்ந்து அதைக் கவ்வும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வாயைத் திறந்தால் போதும். பெட்டியைச் சுற்றி முழு நீளத்துக்கும் தோல் பிடித்திருக்கிறது. கணக்கு இதைத்தான் கேட்டது. கோணத்திலும் ஆதாயம் உண்டு: இரண்டு துளைகள் தனித்தனியே பிசகுவதற்குப் பதில், அச்சை ஒரு முறை சரியாக ஒட்டிவிட்டால் வேர் முழுவதும் நேராக விழும். அதற்கு விலை, அச்சும் ரூட்டரும் வேண்டும் என்பது. முதல் பலகை செய்கிறவர் கையில் கத்தும் ரூட்டர் கொஞ்சம் சறுக்கினால், ஃபோமில் விழும் பள்ளத்தைப் பார்த்துக் கண்ணீர்தான் வரும். பழைய தெர்மோகோல் துண்டில் பழகிவிட்டுப் பலகைக்கு வருவது உத்தமம்.

எஃப்.சி.எஸ். நிறுவனமும் பிறகு இதே பக்கம் நகர்ந்தது. தோல் போர்த்தும் முன் இறக்கும் ஒற்றைப்பெட்டியைக் கொண்டுவந்தது. 2013இல் வந்த எஃப்.சி.எஸ். 2 அமைப்பில் திருகுகூட வேண்டாம், கையால் அழுத்தினால் ஃபின் பூட்டிக்கொள்ளும். கடற்கரையில் ஆலன் கீயைத் தேடி மணலைக் கிளறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு நிறுவனத்தின் ஃபின் மற்றதன் பெட்டியில் நேரடியாக உட்காராது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நண்பர்கள் எல்லோரும் ஒரே அமைப்பு வைத்திருந்தால், கடன் வாங்கி ஓட்டிப் பார்க்கும் வசதிக்காகவே அதை எடுப்பது புத்திசாலித்தனம்.

இனி உடைவது. கழற்றும் அமைப்புக்கு இன்னொரு வேலை இருக்கிறது, வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் செய்யும் வேலை. பாறையிலோ மணல்திட்டிலோ வால் இடிக்கும்போது ஏதோ ஒன்று போகத்தான் போகும். ஃபின் போனால் புதிது வாங்கலாம். பெட்டி போனால் ஒரு வாரம் காயவைத்து, குடைந்து, மறுபடி தோல் போட வேண்டும். இந்தக் கண்ணால் பார்த்தால் பழைய பிளக் முறையின் பலவீனமான குட்டை நாக்கு ஒரு நற்குணமாகிவிடுகிறது. பெரும்பாலும் நாக்கு முறிந்து பிளக் தப்பிக்கும். முழு வேர்ப் பெட்டியில் கெட்டியான கண்ணாடியிழை ஃபின்னை மாட்டிப் பாறையில் இடித்தால், பெட்டியே தோலோடு பெயர்ந்து வரும் ஆபத்து கூடுதல். அதற்காகப் பலவீனமான பெட்டியைத் தேட வேண்டியதில்லை. ஆழம் குறைந்த பாறைத்தளத்தில் ஓட்டுகிறவர் வலுவான பெட்டியில் மலிவான பிளாஸ்டிக் ஃபின்னை மாட்டிக்கொண்டால் போதும். உடைய வேண்டிய இடத்தை ஃபின்னைக் கொண்டு தீர்மானித்துக்கொள்ளலாம். பெட்டியைக் கொண்டு தீர்மானித்தால் பிறகு மாற்ற முடியாது.

ஃபோமின் வகையும் இதில் குறுக்கிடும். 2005 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் கிளார்க் ஃபோம் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. அமெரிக்கப் பலகைகளில் பெரும்பங்குக்குப் பாலியூரிதேன் ஃபோம் கொடுத்துவந்த ஆலை அது. கைவினைஞர்கள் பலர் வேறு வழி தேடி தெர்மோகோலுக்கும் எபாக்சி ரெசினுக்கும் திரும்பினார்கள். பாலியூரிதேன் ஃபோமில் மலிவான பாலியெஸ்டர் ரெசினை ஊற்றலாம். தெர்மோகோலில் ஊற்றவே கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன், தெர்மோகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பெட்டிக்காகக் குடைந்த குழியில் ஊற்றினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி குகையாகிவிடும். எபாக்சியும் முழுச் சாது இல்லை. இறுகும்போது அது வெப்பம் விடும். மெல்லிய தோலில் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும், ஆழமான குழியில் கெட்டியாகக் கிடந்தால் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய் தெர்மோகோலை உருக்கும். அதனால் பெட்டிக்கும் குழிக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருக்கட்டும். நிறைய ஊற்ற வேண்டியிருந்தால் இரண்டு தவணையாக ஊற்றுங்கள்.

தெர்மோகோலுக்கு நீர்ப் பயமும் உண்டு. அதன் மணிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் கடல்நீர் மெல்ல ஊறிப் பரவும். பெட்டியின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், பலகை கனக்கத் தொடங்கிவிடும். தெர்மோகோலில் பலகை செய்வோர் பெட்டியைச் சுற்றி அடர்த்தியான பி.வி.சி. ஃபோம் கட்டை ஒன்றை முதலில் பதித்து, அதற்குள் பெட்டியை இறக்குவது வழக்கம். நசுங்கலும் குறையும், கசிந்த நீர் உடனே தெர்மோகோலைத் தொடுவதும் தடைபடும். உள்ளே வெற்றிடமாக விடும் மரப்பலகை என்றால் குடைவதற்கே ஒன்றுமிருக்காது. பெட்டி வரப்போகும் இடத்தில் மரக்கட்டையை மேற்பலகை மூடுவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். மறந்தவருக்கு ஒட்டு ஃபின் ஒன்றே கதி.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒன்பது அடி நீளப் பலகை, ஒற்றை ஃபின் என்றால் நீளப்பெட்டிதான். யோசிக்க வேண்டியதே இல்லை. வால் தடிமனை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டி ஓர் அங்குலம் ஆழம் கேட்கும். குட்டைப் பலகையின் வாலில் சில இடங்களில் மொத்தத் தடிமனே ஒன்றரை அங்குலம்தான். மூன்று ஃபின் பலகை, கையில் ரூட்டர் இருக்கிறது, அச்சு கடன் கிடைக்கும் என்றால் உதடு வைத்த முழு வேர்ப் பெட்டியை எடுப்பேன். டிரில் மெஷினும் பொறுமையும் மட்டும் இருந்தால் வட்டப் பிளக், கூடுதல் துணித்துண்டோடு. இதுதான் ஒரே பலகை, இதை ஊருக்கு ஊர் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை, செய்நேர்த்தியில் ஆசை உண்டு என்பவர் ஒட்டு ஃபின்னைப் பற்றி நாணமில்லாமல் யோசிக்கலாம்.

எதை எடுத்தாலும் குடைவதற்கு முன் அளவை இரண்டு பக்கமும் வால்நுனியிலிருந்தும் நடுக்கோட்டிலிருந்தும் தனித்தனியே எடுத்துச் சரிபாருங்கள். விளிம்பிலிருந்து மட்டும் அளந்தால், விளிம்பை வளைத்ததில் நேர்ந்த கோணல் அப்படியே ஃபின்னுக்கும் வந்துவிடும். பெட்டியின் வாயை நாடா ஒட்டி மூடிவிட்டே ரெசின் ஊற்றுங்கள். திருகுத் துளைக்குள் இறுகிய ரெசினைச் சுரண்டி எடுப்பது பலகை செய்வதைவிட நீண்ட வேலை. திறக்கத் தேய்க்கும்போது, துணி உதட்டைக் கவ்வும் விளிம்பில் கை அழுத்தி அங்கே தோலைத் தின்றுவிடாதீர்கள். முப்பத்திரண்டு கிலோவும் வந்து தொங்கப்போவது அந்த ஓரத்தில்தான்.